எல்லை, இடப்பெயர்வு பற்றிய வீடியோ கேம்களைக் கண்காட்சியில் வைப்பது சரியா? எதை வைக்கலாம்?

நறுமுகை_கோவை

வணக்கம். நான் காட்சிக்கலை படிக்கிறேன். ஜனவரியில் எங்கள் துறையில் ஒரு கண்காட்சி, தலைப்பு இடப்பெயர்வும் எல்லையும். ஓவியம், புகைப்படம், துணியில் தைத்த வரைபடம் என்று மற்றவர்களுடையது வந்து குவிகிறது. நான் ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு, எல்லை தாண்டுவதைப் பற்றிய வீடியோ கேம்களை வருகிறவர்கள் உட்கார்ந்து விளையாடிப் பார்க்கும்படி செய்யவேண்டும் என்பது திட்டம்.

துறையில் ஒரு பேராசிரியர் கேட்டார், "படகு கவிழ்ந்து செத்துப்போனவர்களை வைத்து விளையாட்டா? தோற்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால் பார்க்கிறவனுக்கு அதில் என்ன உறைக்கும்?" என்று. அவர் வேண்டுமென்றே தடுக்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி மனதில் உட்கார்ந்துவிட்டது. ஓவியத்தின் முன்னால் நிற்கிறவர் ஜெயிக்க நினைப்பதில்லை, கேம் முன்னால் உட்கார்ந்தவர் முதல் நிமிடத்திலேயே ஜெயிக்கத்தான் பார்ப்பார்.

இன்னொன்று நடைமுறை விஷயம். கண்காட்சிக்கு வருகிறவர்கள் ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே அதிகம், அதற்குள் எந்த கேம் எதையாவது சொல்லும்? நான் விளையாடியது பேப்பர்ஸ், ப்ளீஸ் மட்டும், அதுவும் பாதிவரை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதை வைக்கக் கூடாது என்றாலும் சொல்லுங்கள்.

கதிர்_மதுரை

பாதியில் விட்டுவிட்டீர்களா? முதலில் அதை முடியுங்கள், உங்கள் பேராசிரியர் கேள்விக்குப் பதில் அதன் பின்பாதியில்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். லூகாஸ் போப் என்கிற அமெரிக்கர் தனியாளாக உருவாக்கி 2013இல் வெளியிட்ட கேம். விமான நிலையங்களில் குடியேற்ற அதிகாரிகள் வேலை செய்வதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணமே வந்தது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனை நாடு, 1982 நவம்பர், ஆறு வருடப் போர் முடிந்து எல்லைச் சாவடியைத் திறந்திருக்கிறார்கள். நீங்கள் அங்கே பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி. குலுக்கலில் கிடைத்த வேலை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒருவர் வந்து நிற்பார், காகிதங்களை மேசையில் தள்ளுவார். போட்டோவில் இருக்கிற முகமும் எதிரே நிற்கிற முகமும் ஒன்றா, பாஸ்போர்ட் கொடுத்த ஊர் விதிப்புத்தகத்தில் இருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா, அனுமதிச் சீட்டில் உள்ள எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்து, பச்சை சீலோ சிவப்பு சீலோ குத்த வேண்டும். ஒரு ஆளைச் சரியாகப் பார்த்து அனுப்பினால் 5 காசு. ஒரு நாளில் முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கைச் சீட்டு, அப்புறம் அபராதம். சாயங்காலம் வீட்டுக் கணக்கு வரும்: வாடகை, சாப்பாடு, குளிருக்கு அடுப்பு. மனைவி, மகன், மாமியார், மாமா எல்லோரும் அந்தச் சம்பளத்தில்தான் பிழைக்கவேண்டும். காசு பத்தவில்லை என்றால் யாருக்காவது காய்ச்சல் வரும், மருந்துக்கு வேறு செலவு.

முதல் வாரத்திலேயே ஒரு கணவன் வருவார். அவர் காகிதம் எல்லாம் சரி. போகும்போது, அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்பார். அடுத்து அந்த அம்மா வருவார், அனுமதிச் சீட்டு இருக்காது. திருப்பி அனுப்பினால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்பார். நீங்கள் அவரை விடலாம், கேம் தடுக்காது. விட்ட அடுத்த நொடி பக்கத்திலிருக்கிற பிரிண்டர் கடகடவென்று எச்சரிக்கைச் சீட்டைத் துப்பும். அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு தப்பு செய்திருந்தால் அந்தக் கருணை மகனின் சாப்பாட்டிலிருந்து போகும். நான் முதல் தடவை விளையாடியபோது, அந்த அம்மா பேசி முடிப்பதற்குள் என் கண் கடிகாரத்துக்குப் போனது, வரிசையில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று. அந்தப் பதற்றத்தை ஒரு ஓவியம் எனக்குக் கொடுத்ததில்லை.

சரி, பின்பாதிக்கு வருகிறேன். கதை போகப் போக விதி இறுகும். முதலில் ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த சொந்த நாட்டு மக்களின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கச் சொல்வார்கள். அப்புறம் எல்லா ஆர்ஸ்டோட்ஸ்கா பாஸ்போர்ட்டையும். உங்கள் வீட்டிலிருக்கிறதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நிலையில் தப்பிக்க ஒரு வழி, பறிமுதல் செய்து வைத்த பக்கத்து நாட்டு பாஸ்போர்ட்டுகளைத் திருடி, காசு கொடுத்து உங்கள் வீட்டார் பெயருக்கு மாற்றி, ஓடிப்போவது. எத்தனை பாஸ்போர்ட் சேர்த்தீர்களோ, எத்தனைக்குக் காசு இருக்கிறதோ அத்தனை பேர்தான் கிளம்ப முடியும். யாரை விட்டுவிட்டுப் போவது என்று நீங்கள் முடிவெடுக்கவேண்டும். அப்புறம் அந்த நாட்டு எல்லையில் வேறொரு அதிகாரியின் கண்ணாடி முன்னால் போலிக் காகிதத்தோடு நீங்கள் நிற்கிறீர்கள். ஒரு மாதமாக அடுத்தவர் போலிக் காகிதத்தைக் கண்டுபிடித்து சம்பளம் வாங்கினவர் நீங்கள்!

மொத்தம் 20 முடிவுகள் உண்டு. மறுபடி ஆரம்பிக்கலாம் என்பது இங்கே வசதியாக இல்லை, சங்கடமாக இருக்கிறது. வேறு மாதிரி நடந்திருக்கலாமே என்று தெரிந்துகொண்டே விளையாடுகிறோம், இல்லையா.

வதனி_டொரொண்டோ

நறுமுகை தங்கச்சி, கதிர் எழுதியதை வாசித்தேன், நல்லாய் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த கேமை என்னைப்போல ஆட்கள் வேறு மாதிரித்தான் பார்ப்போம், அதையும் உங்கள் அறையில் கணக்கெடுங்கோ.

2002 சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்தபிறகு நாங்கள் ஓமந்தைச் சாவடியால் போய் வந்தோம். வவுனியாவிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, பையெல்லாம் மேசையில் கொட்டிக் காட்டி, ஆமியின் சோதனை முடிய சூனியப் பகுதியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் புலிகளின் சாவடி, திரும்பவும் பெயர் பதிந்து, பை திறந்து. வன்னிக்குள்ளிருந்து வெளியில் வருகிற ஆட்களுக்கு அவர்களின் பாஸ் வேணும். சொந்த நாட்டுக்குள்ளேயே இரண்டு எல்லை. 2006 ஆகஸ்டில் பாதை திரும்பப் பூட்டுப்பட்டது. வரிசையில் நின்ற சனம் முழுக்க ஒரே விசயத்தைத்தான் கதைக்கும்: இண்டைக்கு என்ன புதுசாய்க் கேக்கிறாங்கள்? நேற்றுச் செல்லுபடியான காகிதம் இன்றைக்கு ஏன் செல்லாது என்று ஒருவரும் விளங்கப்படுத்த மாட்டார்கள்.

பேப்பர்ஸ், ப்ளீஸ் கேமில் ஒவ்வொரு நாளும் காலையில் புது விதி வருகிறது. அதிகாரிக்கு அது அறிக்கையாய் வருகிறது, வாசித்துத் தயாராகிறார். வரிசையில் நிற்கிற ஆளுக்கு கண்ணாடிக்கு முன்னால் வந்தபிறகுதான் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தை நான் அதில் பார்த்தபோது கொஞ்ச நேரம் கேமை நிறுத்திவிட்டு இருந்தேன். ஆனபடியால் அந்த கேமை வைக்கிறதென்றால், வரிசையில் நின்று பழகினவரும் அந்தக் கதிரையில் வந்து இருப்பார் என்று யோசித்து வையுங்கோ. மண்டபம் முகாமில் இறங்கின குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் கல்லூரியிலும் படிக்கக்கூடும். அறைக்கு வெளியிலேயே உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதி வைத்தால் நல்லது.

அடுத்தது, எல்லை என்றால் சாவடியோடு முடிகிற காரியமா? கடந்து வந்து முப்பது வருசத்துக்குப் பிறகும் வீட்டுக்குள் ஒரு எல்லை இருக்கும். அதற்காக வெண்பா கேமை வைக்கச் சொல்லுவேன். டொரொண்டோவில் இருக்கிற சின்ன நிறுவனம் ஒன்று 2023இல் வெளியிட்டது. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை, தாய் வெண்பா, தகப்பன் பாவலன், மகன் கவின். வேலை தேடித் தேடி தகப்பன் களைக்கிறார், திரும்பிப் போவமா என்ற கதை வருகிறது. மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்க, தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிறான்.

விளையாட்டு என்று பார்த்தால் சமையல்தான். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எண்ணெய் பட்டு, எழுத்து அழிந்துபோய்க் கிடக்கும். விடுபட்ட இடத்தை நாங்கள் கண்டுபிடிக்க வேணும். முதல் சமையல் இட்லி. தட்டுகளை நேருக்கு நேராய் அடுக்கினால் ஆவி மேலே போகாது, ஓட்டை மாறி வரும்படி அடுக்க வேணும். தமிழ் வீட்டில் வளர்ந்த ஆளுக்கு இது கை தானாய்ச் செய்கிற காரியம். என்னுடைய மகன் இங்கேயே பிறந்தவன், அவனுக்கு அது ஒரு புதிர். அவன் யோசித்து யோசித்துத் தட்டைத் திருப்பினான், நான் பக்கத்தில் இருந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு என்ன செய்தது என்று இங்கே எழுத வராது. முதல் அத்தியாயம் பத்து நிமிசத்துக்குள் முடியும், உங்கள் கணக்குக்குச் சரி.

பேப்பர்ஸ், ப்ளீஸ் 2014இல் சுயாதீன கேம் விழாவின் பெரிய பரிசை வாங்கியது. பத்து வருசம் கழித்து 2024இல் அதே பரிசு வெண்பாவுக்கு. இரண்டையும் ஒரே அறையில் வைக்க இதுவும் ஒரு காரணம்.

தூரிகை_சரவணன்

நான் கொஞ்சம் மறுப்பு சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மாதிரி கேம்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்வது, விளையாடினால் அகதியின் வலி புரியும் என்று. பத்து நிமிடத்தில் புரியுமா? ஏசி அறையில் உட்கார்ந்து பட்டனை அழுத்திவிட்டு "எனக்குப் புரிந்துவிட்டது" என்று எழுந்து போகிறவரைவிட, "எனக்கு இது புரியாது" என்று எழுந்து போகிறவர் மேல். நீங்கள் அறை வாசலில் எழுதும் குறிப்பில் "அகதியின் அனுபவத்தை உணருங்கள்" என்கிற மாதிரி ஒரு வரி மட்டும் வந்துவிடக்கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

எதை வைக்கக்கூடாது என்று கேட்டீர்கள். 2011இல் ஸ்மக்கிள் டிரக் என்று ஒன்று வந்தது. டிரக்கின் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேடுபள்ளத்தில் எல்லை தாண்ட வேண்டும், வண்டி குலுங்கினால் ஆட்கள் கீழே விழுவார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் சிக்கித் தவித்த ஒரு நண்பரைப் பார்த்துத்தான் உருவாக்கினோம் என்று அதன் படைப்பாளிகள் சொன்னார்கள், அதை நான் நம்புகிறேன். சட்டப்படி குடியேறும் வழி என்று ஒரு பகுதி வைத்திருந்தார்கள், அதில் நீங்கள் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டும்தான், வருடக்கணக்கில். அது நல்ல யோசனை. ஆனால் மனுஷன் டிரக்கிலிருந்து உருண்டு விழுவது சிரிப்பாக வரும்படி கட்டப்பட்ட ஒரு கேமில் அந்த நல்ல யோசனை மூலையில் கிடந்தது. ஆப்பிள் மறுத்ததும் ஆட்களை எடுத்துவிட்டு பொம்மை மிருகங்களைப் போட்டு அதே கேமை வெளியிட்டார்கள். ஆளுக்குப் பதில் பொம்மையைப் போட்டாலும் விளையாட்டு துளியும் மாறவில்லை என்றால், முதலிலும் அங்கே ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். எந்த கேமைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சோதனையைப் போட்டுப் பாருங்கள்.

பேப்பர்ஸ், ப்ளீஸ் பற்றியும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அந்த நாடு பழைய கிழக்கு ஐரோப்பா சாயலில், சாம்பல் நிறத்தில், ராணுவ இசையோடு இருக்கிறது. விளையாடுகிற அமெரிக்கரும் ஐரோப்பியரும், ஏன் நாமும்கூட, இது அந்தக் காலத்து சர்வாதிகார நாடு என்று தள்ளி வைத்துவிடலாம். இன்றைக்கு மத்தியதரைக் கடலில் நடப்பதும் மெக்சிகோ எல்லையில் நடப்பதும் தேர்தல் நடக்கிற நாடுகளின் வேலை.

நான் வைக்கச் சொல்வது பாத் அவுட். சிரியாவின் ஹமா ஊரைச் சேர்ந்த அப்துல்லா கரம் என்கிற இளைஞர், போரிலிருந்து தப்பி ஆஸ்திரியா போனவர், அங்கே வியன்னாவிலிருக்கிற ஒரு குழுவோடு சேர்ந்து தன் கதையையே 2017இல் கேமாக ஆக்கினார். பழைய ஜப்பானிய கேம் மாதிரி குட்டிக் குட்டி உருவங்கள். நீங்கள் அப்துல்லாவை நடத்திக்கொண்டு போகும்போது திரையின் மூலையில் நிஜ அப்துல்லா மஞ்சள் சட்டையோடு வந்து பேசுகிறார். நீங்கள் கவனமில்லாமல் கண்ணிவெடியிலோ குண்டிலோ மாட்டினால், இப்போது நீ என்னைக் கொன்றுவிட்டாய், நிஜத்தில் நான் இதைவிட ஜாக்கிரதையாக இருந்தேன் என்கிற மாதிரி உங்களிடமே சொல்கிறார். பேராசிரியர் கேட்டாரே, தோற்றால் மறுபடி ஆரம்பிக்கலாமே என்று, அதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. கதைக்கு உரியவர் உயிரோடு எதிரே உட்கார்ந்து உங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இலவசமாகவே கிடைக்கும்.

அப்படியே லுவால் மாயென் பற்றியும் ஒரு பலகை வையுங்கள். தெற்கு சூடான் போரில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தபோது வழியில் பிறந்தவர், வடக்கு உகாண்டா அகதி முகாமில் வளர்ந்தவர். அவருடைய அம்மா மூன்று வருடம் காசு சேர்த்து 300 டாலருக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். முகாமில் மின்சாரம் கிடையாது, சார்ஜ் போட மட்டும் மூன்று மணி நேரம் நடந்து போயிருக்கிறார். அப்படிக் கற்றுக்கொண்டு சலாம் என்று சமாதானத்தைப் பற்றிய ஒரு ஓட்ட கேம் உருவாக்கினார். முகாமிலிருக்கிறவர் கேமில் வருகிற பொம்மையாக மட்டும் இருக்கவேண்டியதில்லை, அதை எழுதுகிறவராகவும் இருக்கலாம், உங்கள் கண்காட்சியில் இது தெரியவேண்டும்.

நிரல்_செழியன்

கேம் கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். மேலே எல்லோரும் சொன்னதிலிருந்து ஒரு நூலைப் பிடித்துக்கொள்கிறேன்: கேம் உங்களை எந்த நாற்காலியில் உட்காரவைக்கிறது?

எல்லை என்பது அடிப்படையில் விதிகளால் கட்டிய ஒரு பொருள். மண்ணில் கோடு கிடையாது. யார் எந்தக் காகிதத்தோடு எந்தத் தேதியில் வந்தால் என்ன நடக்கும் என்கிற விதிகள்தான் எல்லை. கேமும் விதிகளால்தான் செய்யப்படுகிறது. அதனால்தான் இந்த விஷயத்துக்கு கேம் இவ்வளவு பொருந்துகிறது. படமோ கதையோ விதியைப் பற்றிச் சொல்லலாம், கேமில் விதி உங்கள் மேல் வேலை செய்யும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து என்பதுதான் முக்கியம். அதிகாரியின் நாற்காலி வதனி அக்கா சொன்ன மாதிரி விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் நாற்காலி. அப்துல்லாவினுடையது, விதி தெரியாமல் நடக்கிறவருடையது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஊரிலேயே தங்கிவிட்டவருடைய நாற்காலி. அதற்கு பெர்ரி மீ, மை லவ் என்கிற பிரெஞ்சு கேம். 2017இல் போனுக்காக வந்தது. நூர் என்கிற பெண் சிரியாவின் ஹோம்ஸ் நகரத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறாள். நீங்கள் அவளுடைய கணவன் மஜ்த், வீட்டு முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இருந்துவிட்டவர். முழு கேமும் வாட்ஸ்அப் மாதிரி ஒரு சாட்தான். அவள் எழுதுவாள், செல்ஃபி அனுப்புவாள், இந்த ஆளை நம்பலாமா, பஸ்ஸில் போகவா காத்திருக்கவா என்று கேட்பாள். நீங்கள் பதில் தேர்ந்தெடுப்பீர்கள். அதற்கப்புறம் அவள் ஆஃப்லைன் போய்விடுவாள். போன் உங்கள் பாக்கெட்டில் இருக்கும், நீங்கள் ஆபீஸ் போவீர்கள், டீ குடிப்பீர்கள், சில மணி நேரம் கழித்து நோட்டிபிகேஷன் வரும். ஒரு சிரியப் பெண் தன் வீட்டாருக்கு அனுப்பிய நிஜ வாட்ஸ்அப் செய்திகளை வைத்து லெ மோந்த் பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டது, அதிலிருந்து பிறந்ததுதான் இது. 19 முடிவுகள். நல்ல ஆலோசனை சொல்கிறேன் என்று நினைத்துச் சொன்னதே அவளை ஆபத்தில் கொண்டுபோய் விடலாம், எது எங்கே முடியும் என்று கேம் உங்களுக்குக் காட்டாது.

நம் ஊரில் துபாயிலும் கத்தாரிலும் ஆள் இருக்கிற வீடுகளில் இந்தக் காத்திருப்பு எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். போர் வேறு, பிழைப்புக்குப் போவது வேறு, இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இரண்டிலும் இருக்கிறது. ஒரு டிசைனராக எனக்கு இதில் பெரிய ஆச்சரியம், "ஒன்றும் செய்ய முடியாது" என்பதையே விளையாட்டாக அமைத்திருப்பதுதான். வழக்கமாக எங்கள் தொழிலில் ஆடுகிறவர் இரண்டு நொடி சும்மா இருந்தாலே பதறுவோம்.

கலையா என்று பேராசிரியர்கள் கேட்கும்போது சொல்ல ஒரு பழைய உதாரணம். ஆஸ்திரேலியாவில் ஊமேரா என்று பாலைவனத்தில் ஒரு தடுப்பு முகாம், 1999இல் திறந்து 2003இல் மூடினார்கள். படகில் வந்து தஞ்சம் கேட்டவர்களைக் குழந்தைகளோடு சேர்த்து அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர்கள் சுலபமாக உள்ளே போக முடியாது. அப்போது ஒரு குழு, உள்ளே இருந்தவர்கள் சொன்னதை வைத்து ஹாஃப் லைஃப் என்கிற துப்பாக்கிச் சண்டை கேமை ஓட்டுகிற மென்பொருளான இன்ஜினிலேயே அந்த முகாமைத் திரையில் கட்டியது. எஸ்கேப் ஃப்ரம் ஊமேரா என்று பெயர். முஸ்தபா என்கிற ஈரானியராக நீங்கள் உள்ளே நடமாடுவீர்கள். அரசின் கலை மன்றமே அதற்கு 25,000 டாலர் நிதி கொடுத்தது, குடியேற்ற அமைச்சர் வெளிப்படையாகவே கண்டித்தார். வேலியும் பாலைவனமும் மறைத்த இடத்துக்குள் பொதுமக்களை நடக்கவிட்டதுதான் அந்த கேம் செய்தது. அதே தடுப்புக் கொள்கையில் பின்னாளில் எத்தனை ஈழத் தமிழர்கள் வருடக்கணக்கில் அடைபட்டார்கள் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முழு கேமாக அது வளரவில்லை, மாதிரி வடிவம் மட்டும்தான். ஓடவைப்பது கஷ்டம், படங்களை பிரிண்ட் போட்டு மாட்டுங்கள்.

சரவணன் சொன்ன நெருடல் நியாயம். ஆனால் கற்பனை நாடு என்பதால்தான் மதுரைக்காரரும் டொரொண்டோக்காரரும் அதில் தங்கள் சாவடியைப் பார்க்கிறார்கள் என்றும் நினைக்கிறேன். பெயர் சொல்லும் கேம், சொல்லாத கேம் இரண்டும் அறையில் இருக்கட்டும்.

மீன்சுருட்டி_பாபு

நான் கேம் எல்லாம் விளையாடுகிறவன் இல்லை, தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். சவுதியில் இருந்திருக்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் பத்தாவது தேறாதவனுக்கு பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது வெளிநாடு போகச் சோதனை தேவை என்று வரும், அவன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகவேண்டுமென்றால் தனியாக அனுமதி வாங்கணும். ஒரே வீட்டில் அண்ணன் பத்தாவது பாஸ், தம்பி ஃபெயில் என்றால் இரண்டு பேருக்கும் எல்லை வேறவேற. ஏமாத்துற ஏஜென்ட்டுகளிடமிருந்து காப்பாத்தத்தான் அந்தச் சட்டம் என்பார்கள், அதனாலேயே தம்பிமார் விசிட் விசாவில் போய் மாட்டுவதும் நடக்கிறது. போன இடத்தில் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் அது இன்னொரு எல்லை. இதையெல்லாம் யாராவது கேமாக எழுதியிருக்கிறார்களா? செழியன் தம்பி மாதிரி ஆட்கள் எழுதணும்.

நிரல்_செழியன்

பாபு அண்ணே, இதே மாதிரி ஒன்று அமெரிக்க மெக்சிகோ எல்லைக்காக 2005இல் வந்தது, துரிஸ்தா ஃப்ரொன்தெரிசோ. கோகோ ஃபுஸ்கோ, ரிக்கார்தோ தொமிங்கெஸ் என்கிற இரண்டு கலைஞர்கள் இணையத்தில் உருவாக்கியது. நாம் சின்ன வயதில் ஆடிய பிசினஸ் போர்டு மாதிரியே கட்டங்கள், ஒருபக்கம் சான் தியேகோ, மறுபக்கம் திஹுவானா. நீங்கள் யாராக ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆட்டம் மாறும். பணக்கார அமெரிக்கருக்கு எல்லை ஒரு கட்டம், கூலிக்குத் தாண்டுகிற பெண்ணுக்கு வேறு கட்டம். நீங்கள் சொன்ன அண்ணன் தம்பி கதை அப்படியே ஒரு போர்டு கேம். நறுமுகை, கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால் அட்டையிலேயே அதைச் செய்துவிடலாம், நான் விதி எழுதித் தருகிறேன், பாபு அண்ணன் சரி பார்க்கட்டும்.

நறுமுகை_கோவை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பேராசிரியருக்கு இந்த இழையையே அனுப்பினேன். பாத் அவுட்டை அவர் தானே இறக்கி ஆடிப் பார்த்துவிட்டு, வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் பக்கத்தில் இதைச் செய்தது யார், எங்கிருந்து வந்தவர் என்று எழுதி வைக்கவேண்டும் என்றார். அதை ஒப்புக்கொண்டேன், சரவணன் சொன்னதும் அதுதானே.

இப்போதைய திட்டம்: பேப்பர்ஸ், ப்ளீஸ், பாத் அவுட், வெண்பா முதல் அத்தியாயம், இந்த மூன்றும் கம்ப்யூட்டரில். ஊமேரா படங்கள், லுவால் மாயென் பலகை சுவரில். ஈசிஆர் அட்டை கேம் நடுமேசையில், நான்கு பேர் சேர்ந்து ஆடும்படி. வாசல் குறிப்பில் உள்ளே சோதனைச் சாவடியும் போரும் வரும் என்று முதல் வரியிலேயே எழுதுகிறேன் வதனி அக்கா. "உணருங்கள்" என்ற வார்த்தை எங்கேயும் வராது.

பெர்ரி மீ, மை லவ் மட்டும் எப்படி என்று தெரியவில்லை. மணிக்கணக்கில் காத்திருக்கும் கேமை பத்து நிமிடம் நிற்கிறவருக்கு எப்படிக் காட்டுவது? இன்னொன்று கதிர் அண்ணா, அந்தக் கணவன் மனைவி வரும் நாளிலிருந்தே நேராக ஆரம்பிக்க வழி இருக்கிறதா?

கதிர்_மதுரை

இருக்கிறது. அந்த கேம் ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக சேமித்து வைக்கும், எந்த நாளிலிருந்தும் தொடரலாம். நீங்களே முதல் வாரத்தை ஆடி சேவ் செய்துகொள்ளுங்கள். கையில் காசு ரொம்ப இல்லாதபடி ஆடுங்கள், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கிற நிலையில் விட்டால் அந்த அம்மா வரும்போது முடிவெடுக்கிறவருக்குக் கனம் தெரியும். ஆனால் உட்கார்ந்ததும் அந்த நாளின் விதிகளைப் படிக்க ஒருவருக்கு நேரம் பத்தாது, அதனால் விதிகளைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். கேமில் தமிழ் கிடையாது. கூட ஒரு ஆளை நிறுத்துங்கள். உடம்பை ஸ்கேன் செய்யும் காட்சிகள் பின்னால் வரும், அதில் நிர்வாணத்தை மறைக்க செட்டிங்ஸில் வழி உண்டு, பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் அதை முதலிலேயே மாற்றிவிடுங்கள். ஐபேட் பதிப்பு வந்தபோது ஆப்பிள் இதை எடுக்கச் சொல்லி, அப்புறம் அவர்களே திரும்ப அனுமதித்தார்கள், பேராசிரியர் கேட்டால் சொல்லலாம்.

வதனி_டொரொண்டோ

போன் கேமுக்கு ஒரு யோசனை. கண்காட்சி எத்தனை நாள்? மூன்று நாலு நாள் என்றால் ஒரே போனில் ஒரே ஆட்டத்தைத் தொடங்கி விடுங்கோ. நோட்டிபிகேஷன் சத்தத்தோடு வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கோ. நூர் எழுதுகிற நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவர் பதில் சொல்லட்டும், அடுத்த செய்தி வேறு ஆளுக்கு வரும். அதுவரைக்கும் நடந்தது சாட்டிலேயே இருக்கும், வாசித்துப் பார்க்கலாம். ஒருவர் சொன்ன புத்தியின் பலன் அடுத்த நாள் வேறொருவர் கையில் வந்து நிற்கும்.

நிரல்_செழியன்

இதைச் செய்யுங்கள், அருமையான யோசனை. நிஜ நேர அமைப்பை ஆன் செய்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் செய்திகள் வேகமாக வந்து தீர்ந்துவிடும். ராத்திரி அறையைப் பூட்டும்போது செய்தி வந்தால் காலையில்தான் பதில் போகும், அது அப்படியே இருக்கட்டும். போனை மேசையோடு கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள், சார்ஜர் தனியாக. அட்டை கேமின் முதல் விதிகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன். பாபு அண்ணே, விசிட் விசாவில் போனவர் வேலை விசாவுக்கு மாற என்னென்ன கட்டம் தாண்டவேண்டியிருந்தது, யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள் என்று ஊர்பெயர் ஆள்பெயர் இல்லாமல் எழுதிவிடுங்கள், அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.